ரெண்டு பாட்டிலும் காலி

என் அக்காவின் கணவரைத் தங்கமான மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். மாடிப்படியில் யார் எதிரே வந்தாலும் ஒதுங்கி நின்று வழிவிடுவார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஆறு வருடமாக நானும் அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது என் காதுபட அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் இது அவர் கதை இல்லை, என் அக்காவின் கதை. அவரைப் பற்றி இதற்கு மேல் நல்லதாக எதுவும் சொல்லப்போவதில்லை.

அக்கா பெயின்ட் கடையில் கலர் கலக்குபவள். பதினொரு வருட வேலை. திரைச்சீலையின் ஒரு கிழிசலையோ சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லையோ கொண்டுவந்து, "இதே கலர் வேணும்" என்று நிற்பார்கள். அவள் அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள். பெரிய டின்னை மெஷின் கலக்கும். சின்ன டின்னும் திருத்தமும் அவள் கையால்தான். சிறிய தராசு, ஊசி போடும் சிரிஞ்சு, ஒரு துணி. ஒரு சொட்டு கூடினால் சுவர் முழுக்கக் காட்டிக்கொடுத்துவிடும் என்பாள். திறந்த டின் எதுவானாலும் மூடியில் கறுப்புப் பேனாவால் அன்றைய தேதியை எழுதிவிடுவாள். வீட்டில் ஊறுகாய் பாட்டில் மேல் கூடத் தேதி இருக்கும். நான் கிண்டல் செய்து ஓய்ந்துவிட்டேன்.

திரும்பி வரும் டின்னுக்கு அவளிடம் ஒரு முறை உண்டு. "கலர் தப்பு" என்று ஆள் கத்திக்கொண்டு வருவார். அவள் யார் தப்பு என்று பேச்சே எடுக்கமாட்டாள். "எல்லாத்தையும் மேசை மேல வைங்க" என்பாள். டின், கலவைச் சீட்டு, பிரஷ், கலக்கிய வாளி எல்லாம் வரவேண்டும். பிறகு அவர்கள் கண் முன்னாலேயே முதலிலிருந்து செய்து பார்ப்பாள். கத்தியவர் பாதியிலேயே தண்ணீர் அதிகம் ஊற்றியது தான்தான் என்று கண்டுபிடித்து அசடு வழிவார். நான் ஒரு கூரியர் ஆபீஸில் புகார் மேசையில் இருக்கிறேன். எனக்கு வாய் முன்னால் போகும், மூளை பின்னால் வரும். அவள் நேர் எதிர்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உருண்டையாக இருந்ததால் நான் பட்டாணி என்று கூப்பிட்டேன், அதுவே நின்றுவிட்டது. மூன்றரை மாதத்தில் அக்காவின் லீவு முடிந்தது. அவள் கர்ப்பமாக இருந்தபோதே டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தாள். கதவைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டு, தண்ணீரில் கரையும் பெயின்ட்டை மட்டும் கலந்தால் போதும், பாலுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னார். முதலாளியும் மற்ற பெயின்ட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து அதைக் கணவரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவருக்கு பஸ் டிப்போவில் இரவு ஷிப்ட், மெக்கானிக் வேலை. காலை ஏழு மணிக்கு வருவார். அக்கா ஒன்பதுக்குக் கிளம்புவாள். அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். கீழ் வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா, அதாவது என் அக்காவின் நாத்தனார், நடுவில் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டால் அவர் தூங்குவார். ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது.

பகலில் பட்டாணிக்கு நாலு தடவை பால் வேண்டும். அக்கா கடையில் பீய்ச்சிச் சேர்ப்பது இரண்டு பாட்டில்தான் வந்தது. டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னார்: "ரெண்டு வேளை உன் பால், ரெண்டு வேளை டின் பால். காலைல, ராத்திரி நீயே குடு. இதுல அழறதுக்கு என்ன இருக்கு?" அக்கா அழவில்லை என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

அதன் பிறகு ஊர் வாய் இருக்கிறதே! எதிர் வீட்டுக்காரி, "டின் பாலா? பாவம் குழந்தை" என்றாள். அவளே அடுத்த நாள், "இன்னும் தாய்ப்பாலையா நம்பிட்டு இருக்கே? டின் குடுத்தாத்தான் குண்டாகும்" என்றாள். ஒரே வாய், ஒரே பல். என் ஆபீஸில் இப்படி யாராவது புகார் கொடுத்தால் முதலில் எந்தப் புகார் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

அக்கா பால் எடுக்கும் இடத்தை நான் ஒரு நாள் பார்த்தேன். கடையின் பின்னால் சரக்கறை. வெள்ளை பெயின்ட் டின்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு இருபது லிட்டர் டின் ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து கையால் பம்ப் அடிப்பாள். மத்தியானம் ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை. சாப்பாட்டு நேரம் அதிலேயே போய்விடும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே வராது. போனில் பட்டாணி அழும் வீடியோவைப் போட்டுப் பார்த்தால் வரும். கடைசிச் சொட்டு பாட்டிலின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் விரலால் தட்டி இறக்குவாள். மூடியில் தேதி. பிறகு ஐஸ் பெட்டி. அன்றைக்கு எடுத்தது மறுநாளைக்கு.

சாயங்காலம் படியேறும்போதே அவள் கேட்கும் முதல் கேள்வி, "ரெண்டும் காலியா?"

அவர் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கும் இரண்டு பாட்டில்களைக் காட்டுவார். "ரெண்டும் காலி" என்பார்.

அக்கா முகத்தைப் பார்க்கவேண்டுமே. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி இருக்கும். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. எனக்குப் போன் போட்டும் சொல்வாள்: "இன்னைக்கும் ரெண்டு பாட்டிலும் காலிடீ!" நான், "உனக்கு வாய்ச்ச மாதிரி புருஷன் யாருக்கு வாய்க்கும்" என்றேன். சொன்னது இந்த வாய்தான்.

ஐந்தாவது மாதம் எடை பார்க்கப் போனார்கள். போன மாதத்தைவிட நூற்றிருபது கிராம்தான் கூடியிருந்தது. அதைப் போல நாலு மடங்கு கூடியிருக்கவேண்டும். நர்ஸ் தராசைத் தட்டிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள், அதேதான். பட்டாணியின் தொடையில் இருந்த மடிப்பு காணாமல் போயிருந்தது. "மூத்திரம் போறாளா?" என்றார் டாக்டரம்மா. துணி துணியாக நனைத்தாள். "ராத்திரி தூங்கறாளா?" எங்கே தூங்கினாள்? விடிய விடிய அக்காவை விடாமல் சப்பினாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்றார்கள்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. நாத்தனார் சோபாவில் நடுநாயகமாக உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள்: "நான் சொன்னா தப்பா எடுத்துக்காதே. நீ நாள் பூரா பெயின்ட்டுக்குள்ள நிக்கறே. உன் துணில வாடை, முடில வாடை. பால்ல மட்டும் வராதா? அந்தப் பாலைக் குடிச்சு எந்தக் குழந்தை தேறும்?"

"டாக்டர்கிட்ட கேட்டாச்சு அண்ணி" என்றாள் அக்கா.

"டாக்டர் வந்து மோந்து பார்த்தாங்களா?"

எனக்கு நாக்கு துடித்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அடக்கிக்கொண்டேன். அப்போது தங்கமானவர் மெல்லிய குரலில் சொன்னார்: "வேலையை விட்டுடேன். நான் சமாளிச்சுக்கறேன். குழந்தையைவிட வேலையா பெருசு?"

அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. டிப்போவில் கிரீஸுக்குள் முழங்கை வரை கையை விட்டு வருகிற ஆள், வந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குவார், அதோடு சரி. அவர் வாடையை யார் மோந்தார்கள்?

மறுநாள் அக்கா முதலாளியிடம் அடுத்த மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பதினொரு வருடம். என்னிடம் போனில் சொன்னபோது அவள் குரல் காய்ந்துபோய் இருந்தது. "என் பால்தான்டீ ஏதோ சரியில்லை. ரெண்டு பாட்டிலும் காலி பண்றா, அப்பவும் ஏறலைன்னா அது பாலோட தப்புதானே?" என்றாள். எனக்கு அப்படியே யாரையாவது அறையவேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை அவளே கூப்பிட்டாள். "நாளைக்குக் காலைல வா. திரும்பி வந்த டின் மாதிரி முதல்லேர்ந்து பண்ணிப் பார்க்கப் போறேன். தப்பு என்னுதுன்னா என்னுதுன்னு தெரிஞ்சுட்டு வேலையை விடறேன்."

ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தொன்றாம் தேதி, பத்து மணிக்குப் போனேன். ஞாயிறும் கடை உண்டு, அன்றைக்கு மட்டும் அக்கா லீவு சொல்லியிருந்தாள். சமையலறை மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். கடையின் சிறிய தராசு அதன் மேல் இருந்தது. நாத்தனாரும் வந்திருந்தாள், வேடிக்கை பார்க்க.

"தினமும் டின் பால் எப்படிக் கலக்கறீங்களோ அப்படியே கலக்குங்க. ஒண்ணும் மாத்தாதீங்க" என்றாள் கணவரிடம்.

அவர் ஒழுங்குக்குப் பேர்போனவர். எறும்பு வரும் என்று பால் பவுடரை டின்னிலிருந்து கண்ணாடி ஜாடிக்கு மாற்றி வைத்திருந்தார். டின்னில் ஒட்டியிருந்த சீட்டில் கலக்கும் அளவை மட்டும் கத்தரித்து ஜாடி மேல் ஒட்டியிருந்தார்: அறுபது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. கொதித்து ஆறிய தண்ணீரை நூற்றிருபது மில்லி அளந்தார். ஆணியில் மாட்டியிருந்த கரண்டியை எடுத்து, இரண்டு கரண்டி பவுடர் போட்டார். கத்தியால் மட்டம் வேறு தட்டினார். பார்க்கக் குறையே இல்லை.

"அந்தக் கரண்டி ஏது?" என்றாள் அக்கா.

"முதல் டின்னோடது. காம்புல ஓட்டை இருக்கு, மாட்ட வசதி. இப்ப வாங்கற டின்ல வந்த கரண்டியெல்லாம் இழுப்பறைல பத்திரமா இருக்கு."

முதல் டின் வேறு கம்பெனி. அது கடையில் கிடைக்காமல் போனதால் அடுத்ததிலிருந்து வேறு டின் வாங்கினார்கள். அக்கா இழுப்பறையைத் திறந்தாள். பிரிக்காத மாதிரி பளபளவென்று மூன்று கரண்டி. ஆணிக் கரண்டியைப் பக்கத்தில் வைத்தாள். புதியதில் பாதிதான் இருந்தது. தராசில் போட்டாள். புதியதில் ஒன்பது கிராம் பிடித்தது, பழையதில் நாலரை.

பழைய கரண்டிக்கு முப்பது மில்லி தண்ணீர் கணக்கு, புதியதற்கு அறுபது. பழைய கரண்டியால் புதிய கணக்குக்குக் கலந்திருக்கிறார். குழந்தை குடித்தது பாதிப் பால், பாதி வெறும் தண்ணீர். வயிறு நிறைந்தது, துணி நனைந்தது, உடம்பில் ஒட்டவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ. நான் கவனிக்கலையே" என்றார். உண்மையாகவே கண் கலங்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. தப்பு யாருக்கும் வரும். நான் அவர் தோளைத் தட்டக் கையைக்கூட நீட்டினேன்.

அக்கா மட்டும் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பால்கனிக்குப் போய் புதிய கம்பெனியின் இரண்டு காலி டின்களை எடுத்து வந்தாள். அவர் அதில் ஸ்குரூ, ஆணி எல்லாம் போட்டு வைத்திருந்தார். மூடிகளில் அவள் கையெழுத்தில் தேதி இருந்தது. ஜாடியில் இருப்பது அதே கம்பெனியின் மூன்றாவது டின், அதன் மூடியையும் அலமாரியிலிருந்து எடுத்தாள். மூன்று மூடிகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள். மூன்றாம் தேதி. பதினாலாம் தேதி. இருபத்தைந்தாம் தேதி.

"ஒரு டின் பதினோரு நாள்ல முடிஞ்சிருக்கு" என்றாள்.

"அதான் கணக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு வேளைக்கு அவ்வளவுதானே வரும்" என்றேன் நான். மூளை பின்னால் வருகிற ஆள் நான் என்று சொன்னேனே.

"சரியான கரண்டி போட்டா பதினோரு நாள். இவர் பாதிதானே போட்டாரு? அப்ப டின் இருபத்திரெண்டு நாள் வந்திருக்கணும்."

நாத்தனார் சேலைத் தலைப்பை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"பாதிப் பாதியா போட்டும் டின் அதே நாள்ல முடிஞ்சிருக்குன்னா, ரெண்டு வேளைக்கு இல்லை, நாலு வேளைக்கும் டின்தான் போயிருக்கு" என்றாள் அக்கா. அவள் குரல் உயரவே இல்லை. கடையில் கேட்பது போலவே கேட்டாள்: "அப்ப என் ரெண்டு பாட்டில் எங்க போச்சு?"

தங்கமானவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அவர் கண் ஒரு விநாடி சிங்க் பக்கம் போய்விட்டு வந்தது. நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

"வாடை வந்துச்சு" என்றார். "எங்க அக்கா சொன்னா, நானும் மோந்து பார்த்தேன். ஒரு மாதிரி சோப்பு வாடை. எனக்குப் பயமா இருந்துச்சு. உன்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னுதான்..."

அவ்வளவுதான், நான் வெடித்துவிட்டேன். "மனசு கஷ்டமா? அவ சாப்பிடாம கொள்ளாம வாளி மேல உட்கார்ந்து சொட்டுச் சொட்டா எடுத்துட்டு வந்தா, அதை சாக்கடைல ஊத்திட்டு, பாட்டிலைக் கழுவி வெச்சு ரெண்டும் காலின்னு சொன்னீங்களே! அவ சிரிச்சா இல்ல? தினமும் சிரிச்சா இல்ல? பார்த்துட்டுதானே நின்னீங்க?" நாத்தனார், "ஏன்டீ கத்தறே, நல்லதுக்குத்தானே..." என்று வாயைத் திறந்தாள். அவளுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. எதற்கும் வருத்தப்படவில்லை.

அக்கா கத்தவில்லை. பிரிட்ஜைத் திறந்தாள். சனிக்கிழமை எடுத்த பால் இரண்டு பாட்டில் இருந்தது. ஒன்றை எடுத்து மூடியைத் திருகிக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"ஊத்துங்க" என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"தினமும் ஊத்தினீங்கல்ல? இன்னைக்கு நான் இருக்கேன். என் முன்னாடி ஊத்துங்க."

அவர் எழுந்து சிங்க் வரை போனார். பாட்டிலைச் சாய்க்கக் கை போனது, நின்றது. ஒரு சொட்டு விளிம்பில் வந்து நின்றது. உள்ளே அறையில் பட்டாணி எழுந்து அழ ஆரம்பித்தாள். அவர் பாட்டிலைப் பிடித்தபடியே தேம்பினார். "முடியலை" என்றார்.

"இருபத்தெட்டு நாள் முடிஞ்சுதே" என்றாள் அக்கா. பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கி, அந்தச் சொட்டை விரலால் தட்டி உள்ளே இறக்கினாள். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பட்டாணி அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வாடையாம், வாடை.

அன்றே குழந்தையை டாக்டரம்மாவிடம் தூக்கிப்போனோம். தண்ணீராகக் கலந்த பால் சின்னக் குழந்தைக்கு ஆபத்து என்று சொல்லி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தப்பித்தோம். பிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் சிலருக்குச் சோப்பு வாடை அடிக்கும், அதனால் ஒன்றுமில்லை என்று நர்ஸ் போகிற போக்கில் சொன்னாள். ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அக்காவைத் தவிர வேறு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அக்கா கடைக்குப் போய் முதலாளியிடம் வேலையை விடவில்லை என்று சொன்னாள். அவர், "நீ சொன்னதை நான் காதுலயே போட்டுக்கலையே" என்றார். சரக்கறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு வேளை அவள் பால், இரண்டு வேளை சரியான கரண்டியில் டின் பால். மூன்று வாரத்தில் தொடை மடிப்பு திரும்பி வந்தது. தராசு முள் ஏறியதைப் பார்த்து நர்ஸ், "அட! என்ன மாத்தினீங்க?" என்று கேட்டாள். தங்கமானவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லு, எல்லார் முன்னாலும் சொல்லு என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

"கரண்டியை" என்றாள் அக்கா. அதோடு முடித்துக்கொண்டாள். அவளை நினைத்தாலும் சில நேரம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர்கள் வழக்கம் போலப் பேசிக்கொள்கிறார்கள். நாத்தனார் மட்டும் மாடி ஏறுவதைக் குறைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் அவர் இன்னும் தங்கமானவர்தான். அக்கா இப்போது சாயங்காலம் படியேறும்போது ஒன்றும் கேட்பதில்லை. அவரே வாசலுக்கு வந்து சொல்கிறார்: "ரெண்டும் குடிச்சுட்டா."

"சரி" என்கிறாள். பையை இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறாள். குழாயைத் திறப்பதற்கு முன் சிங்க்கின் ஓட்டைக்கு நேராகக் குனிந்து ஒரு முறை மோந்து பார்க்கிறாள். அவர் பின்னால் நின்று பார்ப்பது அவளுக்குத் தெரியும். அவர் பார்க்கட்டும் என்று கொஞ்சம் நிதானமாகவே மோந்துவிட்டு, பிறகு குழாயைத் திறக்கிறாள்.